குளவியும் புழுவும்: மலையக இலக்கியத் திறனாய்வில் ஒட்டுண்ணி உருவகம் பற்றிய ஒரு மறுநோக்கு

மலையகத் தமிழ் இலக்கியம் பற்றி நம்மிடையே எழுதப்பட்டுள்ள கட்டுரைகளைத் தொடர்ச்சியாகப் படிப்பவர் மூன்று சொற்களை அடிக்கடி எதிர்கொள்வர். அட்டை, ஒட்டுண்ணி, புலி என்பன அவை. துரையோ, கங்காணியோ, வட்டிக்குக் கொடுக்கும் கடைக்காரரோ கதையில் தோன்றியவுடன் திறனாய்வாளரின் பேனா இவற்றுள் ஒன்றை நாடிச் செல்கின்றது. தொழிலாளியின் குருதியை உறிஞ்சும் அட்டை என்பர். சமுதாய உடலில் வாழும் ஒட்டுண்ணி என்பர். மானை வீழ்த்தும் புலி என்பர். முற்போக்கு இலக்கியத்தின் எதிரிகளும் இதே சொற்களையே வேறு ஆள்கள்மீது ஏவுகின்றனர் என்பது அதிகம் கவனிக்கப்படவில்லை. இவ்வுருவகங்கள் வர்க்க உறவை விளக்குகின்றனவா, மறைக்கின்றனவா என்ற வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கான விடையை நூல்களில் மட்டுமன்றித் தேயிலை மலையிலும் தேட முயன்றுள்ளோம்.

இந்த வினா எமக்கு எழுந்தமைக்கு ஒரு சிறு நிகழ்ச்சி காரணம். கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாகச் சென்றால் நக்கிள்ஸ் மலைத்தொடரின் அடிவாரத்தில் பன்வில வரும். அதற்கு மேலே மடுல்கலைப் பக்கத்துத் தோட்டங்கள் தொடங்குகின்றன. சில ஆண்டுகளுக்கு முன் அப்பகுதியில் நாட்டார் பாடல்களைத் திரட்டச் சென்றிருந்த வேளையில், மழைவிட்ட ஒரு காலைப் பொழுதில், கொழுந்து மலையில் எம் காலில் அட்டை ஏறியது. நகரத்தவர்க்குரிய பதற்றத்தோடு அதனைப் பிய்த்தெறிய முயன்றபோது, வாயில் வெற்றிலையை அடக்கியிருந்த முதிய தொழிலாளப் பெண் ஒருவர் சிரித்தார். "விடுங்க சேர், வவுறு நெறஞ்சா அது தானா விழுந்துரும்" என்றார். சற்றுப் பொறுத்து, தோட்டத்து நிறுவைத் தராசு இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "அதுக்காவது வவுறு நெறையுது" என்றும் சொன்னார்.

நாம் எழுதியிருந்த பல கட்டுரைகளின் அடித்தளத்தை அவ்விரண்டாவது வாக்கியம் அசைத்துவிட்டது. அதன் பொருளுக்குப் பின்னர் வருவோம். அதற்கு முன்னர், இயற்கையில் ஓர் உயிர் மற்றோர் உயிரைத் தின்று வாழும் உறவைத் தமிழிலக்கிய மரபு எவ்வாறு கையாண்டது என்பதைச் சுருக்கமாக நோக்குதல் பொருத்தமாகும்.

இரைகௌவியும் இரையும் சங்கப் பாடல்களுக்குப் புதியன அல்ல. குறிஞ்சியின் புலியும் யானையும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் காட்சிகள் தலைவனின் இரவு வழியினது அச்சத்தையும், தலைவியின் நிலையையும் குறிப்பாற் புலப்படுத்துவன. தொல்காப்பியர் உள்ளுறை உவமத்துக்குத் தெய்வம் ஒழிந்த ஏனைய கருப்பொருள்களையே இடமாக வகுத்தார் என்பது இவ்விடத்து ஊன்றி நோக்கற்பாலது. தெய்வத்தை விலக்கியதால் அவ்வுவமம் நிலத்திலேயே கால் ஊன்றி நிற்கின்றது. விலங்கு எதனைத் தின்றது, எதற்கு அஞ்சியது, எந்த நீர்த்துறைக்கு வந்தது என்பவற்றிலிருந்தே படிப்பவர் பொருளை நிரப்பிக்கொள்ள வேண்டும். விலங்கின் பெயர் அங்கே பொருள் தருவதில்லை; விலங்குகளுக்கிடையேயான உறவே பொருள் தருகின்றது. இது மிக நுண்ணிய முறை. நம் திறனாய்வு இதனைப் பாடத்திட்டத்துக்குரிய இலக்கணமாக மட்டும் வைத்துக்கொண்டது நமது இழப்பு.

பிற்காலச் சமய இலக்கியத்தில் நிலை மாறுகின்றது. அங்கே தெய்வம் உள்ளே வருகின்றது; அதனுடன் ஒரு குளவியும் வருகின்றது. வேட்டுவன் எனப்படும் குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து மண்கூட்டில் அடைத்துக் கொட்டிக்கொண்டும் ரீங்கரித்துக்கொண்டும் இருக்க, அப்புழு குளவியையே இடைவிடாது நினைந்து ஈற்றில் தானும் குளவியாகிவிடும் என்பது அவ்வுவமை. வடமொழியில் பிரமர கீட நியாயம் என வழங்கும் இது பாகவதத்திலும் உண்டு. தமிழ்ச் சமய உரைகளிலும் புராணப் படிப்புகளிலும் இன்றுவரை கேட்கக்கூடியது. குருவை நினைந்த சீடன் குருவாவான், இறைவனை நினைந்த உயிர் இறைத்தன்மை பெறும் என்பது அதன் பயன்.

உண்மையில் அக்கூட்டினுள் நிகழ்வது யாது? தாய்க்குளவி புழுவைக் கொட்டி முடக்குகின்றது, கொல்வதில்லை. கொன்றால் இறைச்சி அழுகிவிடும். முடங்கிய புழுவோடு தன் முட்டையையும் அடைத்துவிட்டுச் செல்கின்றது. முட்டையிலிருந்து வரும் குடம்பி அப்புழுவை உயிரோடு தின்று வளர்ந்து, குளவியாகிக் கூட்டை உடைத்து வெளியேறுகின்றது. பிரான்சிய பூச்சியியலாளர் ஃபாப்ரே 19ஆம் நூற்றாண்டில் வேட்டைக் குளவிகளின் இம்முறையை மிக விரிவாக எழுதினார். டார்வினோ, புழுவின் உடலினுள்ளேயே முட்டையிடும் வேறொரு குளவிக் குடும்பத்தை எண்ணி, கருணையுள்ள கடவுள் இவற்றைத் திட்டமிட்டுப் படைத்திருப்பார் என்று தம்மால் நம்ப இயலவில்லை என 1860இல் அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு எழுதினார். ஒரே உறவு அங்கே ஒரு விசுவாசியின் நம்பிக்கையை அசைத்தது. இங்கே விசுவாசத்துக்கே சான்றாயிற்று.

நம் முன்னோர் கண்டது பிழையான காட்சியன்று. புழு உள்ளே போனது, குளவி வெளியே வந்தது, இரண்டும் உண்மையே. இடையில் நடந்ததைக் காண வழியில்லாதபோது நிரப்பிக்கொண்ட விளக்கத்திலேதான் சமூகம் புகுந்துகொண்டது. உண்ணப்படுதலை உய்வாகக் காண்பது யாருக்கு வசதி என்று கேட்பின் விடை தெளிவு. எசமானை நினைந்து நினைந்து எசமானாகிவிடலாம் என்று புழுவுக்குக் கூறும் உவமை அது. தோட்டங்களில் விசுவாசமுள்ள தொழிலாளி கங்காணியாவான், கங்காணியின் மகன் கணக்கப்பிள்ளையாவான் என்று காட்டப்பட்ட ஆசையும் இதனோடு ஒத்த அமைப்புடையதே.

முற்போக்குத் திறனாய்வு இவ்வுவமையைத் தலைகீழாக்கியது. உண்பவனை உண்பவன் என்றே அழைத்தது. இது பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் குருதிகுடிப் பேயாக மூலதனத்தை மார்க்ஸ் 1867இல் உருவகித்ததும், ஏகாதிபத்தியம் பற்றிய நூலில் லெனின் ஒட்டுண்ணித்தனம் என்ற சொல்லை ஓர் அத்தியாயத் தலைப்பிலேயே வைத்ததும் நம் எழுத்தாளர்க்கு வழிகாட்டின. மலையகத்தில் அதற்கு உள்ளூர்ச் சான்றும் ஆயத்தமாக இருந்தது. மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டுவழியே நடந்துவந்த மக்களின் கால்களில் அட்டை ஏறியது. அவர்களின் பேரப்பிள்ளைகள் படங்கு கட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கும் இன்றும் ஏறுகின்றது. குருதி வழியும் காலைக் கண்ட எழுத்தாளன் சுரண்டலை நினைத்தது இயல்பே.

ஆயினும் மூன்று இடர்ப்பாடுகள் உள்ளன. அவற்றுள் முதலாவதை அந்த முதிய பெண் சொல்லிவிட்டார். அட்டைக்கு வயிறு உண்டு. தன் உடலெடையிற் பன்மடங்கு குருதியைக் குடித்தபின் அது விழுந்து, மாதக்கணக்கில் இலைச்சருகில் கிடக்கும். இயற்கையில் எந்த இரைகௌவியின் பசிக்கும் எந்த ஒட்டுண்ணியின் உறிஞ்சலுக்கும் உடல் ஓர் எல்லையை வகுத்துள்ளது. இலாபத்துக்கு அவ்வாறான உடல் இல்லை. ஓராண்டுக் கொழுந்தின் விலை மறு ஆண்டின் மூலதனமாகி மேலும் கொழுந்தைக் கேட்கின்றது. எனவே முதலாளியை அட்டை என்பது கடுமையான வசைபோலத் தோன்றினும், உண்மையில் அவ்வமைப்புக்குச் சலுகை செய்வதாகவே முடிகின்றது. நிறைய மாட்டாத ஒன்றை நிறையக்கூடிய ஒன்றாக அது காட்டிவிடுகின்றது.

இரண்டாவது இடர்ப்பாட்டை எங்கெல்ஸ் 1875இல் லாவ்ரோவுக்கு எழுதிய மடலில் எச்சரித்துள்ளார். எல்லோருக்கும் எதிரான எல்லோரின் போர் என்ற கருத்தையும் மால்தூசின் குடித்தொகைக் கொள்கையையும் சமுதாயத்திலிருந்து எடுத்து இயற்கைமீது ஏற்றி, பின்னர் அதே கருத்தை இயற்கையிலிருந்து மீண்டும் சமுதாயத்துக்குக் கொண்டுவந்து, இது மாறாத விதியென நிறுவுவது ஒரு செப்படிவித்தை என்பது அவர் வாதத்தின் சாரம். புலி மானைத் தின்பது குற்றமன்று; அது நிற்கவும் மாட்டாது. ஆகவே தோட்ட நிருவாகத்தைப் புலியெனும் கவிஞன், தான் அறியாமலே, நிருவாகத்துக்கு ஓர் இயற்கை உரிமையை எழுதிக் கொடுக்கின்றான். இலங்கையில் வரலாற்றுக் காலத்தில் வாழ்ந்த பெரும் பூனை சிறுத்தையே என்பதும், நம் கவிதைகளில் உறுமும் வரிப்புலி ஏடுகளிலிருந்து இறங்கிவந்தது என்பதும் இதனோடு சேர்த்து நினைக்கத்தக்கன. மலையகச் சிறுத்தையின் உண்மைக் கதையோ வேறு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் அரிய கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டு இறந்தது. இத்தகைய சுருக்குகள் பெரும்பாலும் காட்டுப்பன்றிக்கென வைக்கப்படுபவை. வேட்டையாடும் விலங்கு தனக்கு வைக்கப்படாத பொறியில் மடிவதைக் காட்ட நம் உருவகத்தில் இடமில்லை.

மூன்றாவது இடர்ப்பாடு அரசியல் சார்ந்தது. ஒட்டுண்ணி என்ற சொல்லுக்கு நிலையான முகவரி கிடையாது. 1964இல் லெனின்கிராட்டில் ஜோசப் பிராட்ஸ்கி என்ற கவிஞர் சமூக ஒட்டுண்ணித்தனம் என்ற குற்றச்சாட்டின்பேரிலேயே தண்டிக்கப்பட்டு வடபுலத்துக்கு அனுப்பப்பட்டார். முதலாளியின்மீது வீசப்பட்ட சொல் கவிதை எழுதியவன்மீது விழுந்தது. நம் நாட்டிலோ, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிற் பெரும்பாலோரை நாடற்றோராக்கிய காலச் சூழலில், அந்நியர் என்றும் கள்ளத்தோணி என்றும் அழைக்கப்பட்டவர்கள் யாவர்? மண்ணின் சத்தை உறிஞ்ச வந்தோர் என்ற பேச்சு, உறிஞ்சப்பட்டவர்களையே சுட்டியது. இதே சொல்லை நாமும் ஆயுதமாகக் கொள்வோமாயின், அதன் மறுமுனை எங்கே நிற்கின்றது என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

இனித் தேயிலை மலைக்கு வருவோம். இரைகௌவி, இரை, ஒட்டுண்ணி என்பன ஒன்றையொன்று எவ்வாறு பாதிக்கின்றன என்பதற்கு உலகச் சூழலியல் வரலாற்றில் எடுத்துக்காட்டத்தக்க நிகழ்ச்சி ஒன்று நம் மலைநாட்டிலேயே நடந்துள்ளது. நம் இலக்கியக்காரர் அதனைக் கவனிக்காமல் விட்டது வியப்பே.

கதை கோப்பியில் தொடங்குகின்றது. பன்வில, மடுல்கலை உள்ளிட்ட நக்கிள்ஸ் சரிவுகளில் காடு அழிக்கப்பட்டதும், முதல் தலைமுறைத் தமிழ்த் தொழிலாளர் கொண்டுவரப்பட்டதும் கோப்பிக்காகவே. 1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளில் செம்மஞ்சள் துகள் காணப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்ற பூஞ்சணம் அது. 1880 முதல் 1882 வரை இங்கு தங்கி ஆராய்ந்த மார்ஷல் வோட் என்ற இளம் விஞ்ஞானி, இப்பூஞ்சணம் இலையில் வாழும் ஒட்டுண்ணியே என்பதை நிறுவியதோடு, மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே அதன் வித்திகள் காற்றில் பரவ வழிசெய்தது என்பதையும் உணர்த்தினார். அந்நூற்றாண்டின் முடிவுக்கு முன்னரே கோப்பித் தொழில் வீழ்ந்தது. ஒட்டுண்ணியை அங்கே பெருக்கியது மூலதனத்தின் நடுகை முறையாகும். பூஞ்சணம் முன்னரும் இருந்திருக்கலாம். கொள்ளைநோயாவதற்கு அதற்குத் தோட்டம் வேண்டியிருந்தது.

பாடம் கற்கப்படவில்லை. கோப்பி நின்ற இடத்தில் அதே இடைவெளியற்ற முறையில் தேயிலை நின்றது. விரைவில் அதற்கும் உரிய பூச்சிகள் வந்தன. அவற்றுள் ஒன்று ஹொமோனா கொஃபியேரியா என்னும் அந்துப்பூச்சியின் புழு. இலைகளை நூலாற் பிணைத்துச் சுருட்டி அதனுள் இருந்து தின்பது. தொழிலாளரைக் கொண்டு அதன் முட்டைத் திரள்களைக் கையாற் பொறுக்குவித்தலே நெடுங்காலம் அதற்கு மருந்தாக இருந்தது. 1925இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. அதன் விஞ்ஞானி சி. எச். காட் 1935, 1936ஆம் ஆண்டுகளில் யாவாவிலிருந்து ஒரு சிறு குளவியைக் கொண்டுவந்து பரப்பினார். மக்ரோசென்ட்ரஸ் ஹொமோனே என்று 1938இல் நிக்சன் பெயரிட்டது அதற்கே.

இக்குளவி நமது சமய உவமையின் குளவியிலும் விந்தையானது. அது மண்கூடு கட்டுவதில்லை; புழுவின் உடலே அதற்குக் கூடு. புழுவின் உள்ளே ஒரு முட்டையை இடுகின்றது. அவ்வொரு முட்டை பிளந்து பிளந்து பல கருக்களாகின்றது. காட் 1946இல் இவ்வியல்பை விளக்கி எழுதினார். சுருண்ட இலைக்குள் பாதுகாப்பாகத் தின்று கொழுக்கும் புழு, ஒருநாள் ஒரு குளவிக் கூட்டத்தையே ஈன்று ஓய்ந்துபோகின்றது. சில ஆண்டுகளுள் அப்புழு மலைநாட்டின் பெரும்பகுதியில் அஞ்சத்தக்க பீடை என்ற நிலையிலிருந்து இறங்கிவிட்டது. அழிந்துவிடவில்லை என்பது முக்கியம். புழு முற்றாக அழிந்தால் குளவியும் அழியும். சிறிது புழு, சிறிது குளவி என்று இரண்டும் தங்கின. தோட்டக் கணக்கேட்டில் செலவாக எழுதப்படாத ஓர் ஒட்டுண்ணி, தேயிலையையும் அதனால் வாழ்ந்தோரையும் காத்துநின்றது. ஒட்டுண்ணி என்றாலே தீது என்று எழுதிய நாம் அப்போது அதன் கீழேயே நின்று எழுதிக்கொண்டிருந்தோம்.

இருபது ஆண்டுகள் கழிந்தன. வேறொரு பீடை மத்திய மலைநாட்டை, குறிப்பாகக் கண்டியைச் சூழ்ந்த நடுத்தர உயரத் தோட்டங்களை வாட்டியது. தேயிலைத் தண்டைத் துளைக்கும் சிறு வண்டு அது. 1892இலேயே நாவலப்பிட்டிப் பக்கத்தில் கண்டறியப்பட்டது. இவ்வண்டு மரத்தை உண்பதில்லை. தண்டினுள் சுரங்கம் குடைந்து அதில் ஒரு பூஞ்சணத்தைப் பயிரிட்டு அதனையே தானும் தன் குஞ்சுகளும் உண்கின்றது. தோட்டத்தினுள் தன்னுடைய தோட்டத்தை வைத்துக்கொண்ட உயிர். துளைபட்ட கிளை கொழுந்தெடுப்பவரின் கைபட்டே முறிந்துவிடும். முறிந்ததற்கான ஏச்சு யாருக்கு விழும் என்பதைத் தோட்டம் அறிந்தோர் அறிவர்.

1950களின் பிற்பகுதியிலிருந்து இவ்வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற பூச்சிநாசினி தெளிக்கப்பட்டது. நெடுங்காலம் சிதையாது தங்கும் நஞ்சு அது. வண்டு குறைந்தது. ஆனால் அடங்கிக் கிடந்த இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. புழு தன் இலைச்சுருளுக்குள் மறைந்திருக்க, அதைத் தேடி இலைதோறும் அலைந்த குளவியே நஞ்சில் மிகுதியாக மடிந்தது. அதுவரை யாரும் பெரிதாகக் கருதாத குச்சிப்புழு ஒன்றும் இலைகளை மொட்டையடிக்கலாயிற்று. டீல்ட்ரின் தெளிப்போடு இப்பெருக்கம் கொண்ட தொடர்பை ஆராய்ந்து தந்தநாராயணவும் கதிரவேற்பிள்ளையும் 1969இல் எழுதிய கட்டுரை இத்துறையில் நன்கு அறியப்பட்டது. ஒரு சிங்கள விஞ்ஞானியும் ஒரு தமிழ் விஞ்ஞானியும் சேர்ந்து ஒரு புழுவைத் தொடர்ந்து போன ஆண்டு அது என்பதையும் இடையே குறித்துக்கொள்ளலாம். டீல்ட்ரின் பின்னர் கைவிடப்பட்டது.

இது தற்செயலன்று. 1926இல் இத்தாலியக் கணிதவியலாளர் வீட்டோ வொல்டெரா இதனை முன்கூட்டியே சமன்பாட்டில் எழுதியிருந்தார். முதலாம் உலகப் போரில் அத்திரியாட்டிக் கடலில் மீன்பிடி குறைந்திருந்த காலத்தில், சந்தைக்கு வந்த மீன்களில் இரைகௌவி மீன்களின் வீதம் உயர்ந்திருந்தமைக்கு அவர் காரணம் தேடினார். இரையும் இரைகௌவியும் ஒரே அளவாகக் கொல்லப்படும்போது இரையின் சராசரித் தொகை கூடுகின்றது, இரைகௌவியின் தொகை குறைகின்றது என்பது அவர் கண்ட விடை. இரைகௌவி இருமுறை அடிபடுகின்றது. தானும் கொல்லப்படுகின்றது, தன் உணவும் கொல்லப்படுகின்றது. இரையோ, தன்னைத் தின்பவர் குறைந்ததால் மீள்கின்றது. இவ்விடத்து இன்னொன்றும் சொல்லவேண்டும். 1931இல் பாசிச அரசுக்கு விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்துப் பல்கலைக்கழகப் பதவியை இழந்த மிகச் சில பேராசிரியருள் வொல்டெராவும் ஒருவர். இயற்கையில் வல்லது வாழும் என்று முழங்கிய ஓர் ஆட்சியின்கீழ், இரையும் வேட்டையாடியும் ஒன்றையொன்று சார்ந்தே ஏறியிறங்குகின்றன என்று கணக்கிட்டவர் அவர்.

இந்த வரலாற்றிலிருந்து திறனாய்வு பெறத்தக்கது யாது? இலக்கியத்தில் வரும் உயிரினத்தை இனம்கண்டு நல்லது, தீது என்று முத்திரையிடும் வழக்கத்தை விட்டு, உறவு எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் மட்டும் நிற்கும் உருவகத்தில் மூன்றாமவர் யார் என்று தேட வேண்டும். அட்டையும் காலும் மட்டுமுள்ள படத்தில், அம்மலையில் அத்தனை நேரம் அக்கால் நிற்கவேண்டி வந்தமைக்கான நாட்கணக்கும் நிறுவையும் இல்லை. புழுவும் இலையும் மட்டுமுள்ள படத்தில் குளவி இல்லை, தெளிகருவியைச் சுமந்தவன் இல்லை, நஞ்சை விற்றவனும் இல்லை. தொல்காப்பியரின் உள்ளுறை கேட்டதும் ஏறத்தாழ இதுவே.

இவ்வளவுகோலால் நோக்கும்போது, மலையக இலக்கியத்தின் சிறந்த படைப்புகள் அவற்றை விளக்கிய திறனாய்வுகளினும் நுண்ணறிவு உடையனவாகத் தோன்றுகின்றன. சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984) ஆங்கிலத்தில் எழுதி 1954இல் வெளியிட்டதும், சக்தீ பால ஐயாவால் தமிழாக்கப்பட்டதுமான தேயிலைத் தோட்டம் பற்றிய நெடுங்கவிதையை எடுத்துக்கொள்வோம். அங்கே புதையுண்ட தந்தையர்க்கு நடுகல் இல்லை, நினைவுச்சின்னம் இல்லை. தேயிலையே அவர்கள் மேல் நிற்கின்றது. காட்டுப் பூக்கூட அவ்விடத்து மலர்வதில்லை என்ற பொருளும் அதில் உண்டு. நாம் இதனை இதுவரை ஓர் இரங்கற் குறிப்பாகவே படித்து வந்தோம். உறவாகப் படிப்பின் வேறொன்று தெரிகின்றது. உடல் மண்ணாகின்றது, மண் வேராகின்றது, வேர் கொழுந்தாகின்றது, கொழுந்து கப்பலேறிவிடுகின்றது. காட்டில் இச்சுழற்சி மூடியது. இறந்தது அங்கேயே மீண்டும் முளைக்கும். தோட்டத்தில் அது ஒரு பக்கம் அறுந்து ஓடுகின்றது. கடித்தவன் என்று ஒருவனையும் சுட்டாமலே சுரண்டலின் வடிவத்தைக் கவிஞர் காட்டிவிட்டார். அட்டையைக் கொண்டு இதனைச் சொல்லியிருக்க இயலாது.

பூவின்மை பற்றிய அக்குறிப்பும் வெறும் அலங்காரமன்று. தேயிலை மலையைச் சுரண்டியால் சுரண்டிப் புல்பூண்டின்றி வைத்திருத்தல் துரைமாரின் பெருமையாக இருந்தது. மேல்மண் மழையோடு போயிற்று. ஒட்டுண்ணிக் குளவிகளிற் பல, வளர்ந்தபின் பூந்தேனையே உண்டு வாழ்வன. பூ இல்லாத மலை குளவிக்கும் பட்டினி மலை. கவிஞர் இதனை அறிந்து எழுதினார் என்று நாம் கூறவில்லை. உறவை உள்ளபடி கண்ட கவிதை, கவிஞர் அறியாததையும் தாங்கிநிற்கும் வலிமை பெறுகின்றது என்றே கூறுகின்றோம்.

புதுமைப்பித்தனின் துன்பக்கேணி மணிக்கொடியில் வெளிவந்தது 1935இல். யாவாக் குளவி இங்கு வந்திறங்கிய காலமும் அதுவே. அக்கதையையும் கோகிலம் சுப்பையாவின் தூரத்துப் பச்சையையும் (1964) இவ்வாறு மீளப் படிக்கலாம். பின்னதன் தலைப்பே, தொலைவிலிருந்து காணும் பசுமை எவ்வாறு ஏமாற்றும் என்ற பழமொழியை நினைவூட்டுவது. ஒரே பயிரின் பசுமையைக் காடென்று மயங்கிய கண்ணுக்கும் அது பொருந்தும். இவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

நம் நிலைப்பாட்டுக்கு எழக்கூடிய ஒரு மறுப்பைத் தவிர்த்தல் நேர்மையாகாது. மக்கள் மொழியிலேயே அட்டை வசையாக வழங்குகின்றதே, கூலிக்காரன் கோபத்தில் சொல்லும் சொல்லைச் சூழலியல் பேசித் திருத்துவது படித்தவரின் மேட்டிமையல்லவா என்று கேட்கலாம். கோபத்தின் சொல்லை யாரும் திருத்த வேண்டியதில்லை. தொழிற்சங்க மேடையில் அட்டை அட்டையாகவே இருக்கட்டும். திறனாய்வாளன் அச்சொல்லை எடுத்து ஆராய்ச்சி முடிவாக மாற்றும்போதுதான் பொறுப்பு எழுகின்றது. அன்றியும், மேலே கூறிய முதிய பெண், தம் காலில் வாழ்நாள் முழுதும் அட்டையைச் சுமந்தவர், எந்த நூலும் படியாமலே உருவகத்தின் குறையைக் கண்டவர். மேட்டிமை எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதை அன்றே நாம் உணர்ந்தோம்.

இன்று பன்வில மலைகளில் குளவி என்ற சொல் வேறு அச்சத்தைத் தருகின்றது. கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த தொழிலாளர் குளவிக்கொட்டுக்கு இலக்காகி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் செய்தி மலையகத்தின் எப்பகுதியிலிருந்தேனும் அடிக்கடி வருகின்றது. சிலர் இறந்தும் உள்ளனர். செய்தித்தாள்கள் குளவி என்று எழுதுவதில் பாறையிலும் மரத்திலும் பெருங்கூடு கட்டும் மலைத்தேனீயும் அடங்கும். அவை தொழிலாளியை வேட்டையாட வருவதில்லை, கூட்டைக் காக்கின்றன. கூடு இருக்கும் மலையில் அன்றைக்குக் கொழுந்தெடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்பவர் அங்கே நிற்பதில்லை.

காட் கொண்டுவந்த சிறு குளவிக்கு மலையகத் தமிழில் பெயர் உண்டா என்று அன்று மாலை லயத்தில் பலரிடம் விசாரித்தோம். கொட்டும் குளவிகளுக்குப் பெயர்கள் பல சொன்னார்கள். இதனை யாரும் கண்டதில்லை. சுருண்ட இலையொன்றைப் பிரித்து, காய்ந்த புழுவின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்த சிறு கூடுகளைக் காட்டியபோது, ஒரு சிறுவன் அவற்றைப் புழுவின் முட்டைகள் என்றான்.